மூடிய பின் தெரியாத வேலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் நம் ஊரில் இலக்கியம் பேசுவார்கள், இல்லையென்றால் சமயம். ஏசி மெக்கானிக்கையும் கொத்தனாரையும் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி, "ஒரு மணி நேரமா?" என்று கேட்டாள். ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியரின் நினைவாக வைத்த அறக்கட்டளை என்பதால் துணிந்து வந்திருக்கிறேன்.

என் வீட்டு ஏசியிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது வருடம் குளிர்பதனப் பிரிவில் பாடம் எடுத்தவன் வீட்டு ஏசி, மூன்று கோடைகள் தொடர்ந்து குளிரவில்லை. வெளியலகு இரண்டாம் மாடி சன்ஷேடுக்கு மேலே தொங்குகிறது. என் முழங்கால் அவ்வளவு தூரம் ஒத்துழைக்காது. ஒவ்வொரு சித்திரையிலும் ஒருவரைக் கூப்பிடுவோம். வருவார், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்பார், போடுவார், காசு வாங்கிக்கொண்டு போவார். அரை மணி நேர வேலை.

நான்காவது வருடம் என்னைப் பார்க்க வந்த பழைய மாணவர் ஒருவர், கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினார். சோப்பு நுரையை இணைப்புகளில் தடவினார். செம்புக்குழாயின் வாயை விரித்து நட்டு போட்டு முடுக்கும் இடத்தில் குமிழ் வந்தது. இறங்கி வந்து சொன்னார்: "ஐயா, இது கேஸ் தீர்ந்த கதை இல்ல, கேஸ் ஓடிப்போன கதை."

முதலாண்டு வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. ஏசிக்குள் இருப்பது மூடிய சுற்று. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மாதிரி அந்த வாயு செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். அவர் குழாயை வெட்டி, வாயைப் புதிதாக விரித்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வெற்றிடப் பம்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, பெயர்ப்பலகையில் எழுதியிருந்த கிராம் அளவுக்கு நிரப்பினார். பாதி நாள் போயிற்று. "முன்னால வந்தவர் அரை மணியில முடிச்சாரே" என்று மனைவிக்குக் குறை. அடுத்த கோடையில் யாரும் வரவேண்டியிருக்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நன்றாக வேலை செய்ததால் அவருக்கு ஒரு வாடிக்கையாளர் போனார். சரியாகச் செய்யாதவருக்கு வருடாவருடம் வரும்படி. வீட்டு மின்சிக்கனத்துக்குத் திறமையான ஆட்களை உருவாக்குவது பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினாலும் 'பயிற்சி போதாது' என்கிறார்கள். பயிற்சி போதாதுதான். ஆனால் பயிற்சி பெற்றவரை நம் சந்தை எப்படி நடத்துகிறது என்பதையும் சேர்த்துப் பேசாவிட்டால் அந்தப் பேச்சு பாதிதான்.

மின்சிக்கனம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கடை. நட்சத்திரக் குறியீடு 2006-இல் வந்தது, இன்று எந்த வீட்டிலும் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்காமல் ஏசி வாங்குவதில்லை. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் எல்.இ.டி. பல்புகள் போயின. உலகமே பாராட்டிய வெற்றி. அது ஏன் அவ்வளவு வேகமாக வென்றது என்பதற்கு நான் சொல்லும் காரணம் ஒன்றுண்டு: பல்பைப் பொருத்த ஆள் வேண்டாம். நாற்காலி மேல் ஏறத் தெரிந்தால் போதும். இனி மிச்சமிருக்கும் சிக்கனம் எதுவும் அப்படி வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டும்.

மின்விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது; இப்போதைய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு விசிறி என்றால் ஏறக்குறைய 130. பில்லில் படி ஏறும் எல்லை எது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்காமல் புது விசிறியை மாட்டுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. கண்டென்சர் மாற்றத் தெரிந்தவருக்கு உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை புரியவில்லை. "போர்டு போயிடுச்சு, பழைய மாடலே வாங்கிடுங்க" என்று அவர் சொன்னால் வீட்டுக்காரர் எதை நம்புவார்? ஒரு தொழில்நுட்பத்துக்கு ஊரில் நல்ல பெயரா கெட்ட பெயரா என்பதைத் தீர்மானிப்பவர் அந்த எலக்ட்ரீஷியன்தான்.

இப்போது கூரைக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க ஆசை.

மொட்டைமாடிக்கு நேர்கீழே குடியிருப்பவர்கள் இந்த அவையில் பாதிப் பேராவது இருப்பீர்கள். இரவு பத்து மணிக்கு விசிறியைப் போட்டால் மேலிருந்து அனல் இறங்கும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அதை இரவில் திருப்பிக் கொடுக்கிறது. வீட்டுக் கட்டடங்களுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியாக வெப்பம் கடப்பதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட். நம்முடைய நாலங்குல வெறும் கான்கிரீட் தளத்தின் கணக்கைப் போட்டால் 3.5-க்கு மேல் போகிறது. மூன்று மடங்கு. அந்த வெப்பத்தை விரட்ட ஏசி வாங்கி, அந்த ஏசிக்கு ஸ்டார் எண்ணுகிறோம்.

நம் தாத்தாக்கள் காலத்துக் கூரை இப்படியில்லை. மெட்ராஸ் டெரஸ் என்று வெள்ளைக்காரர்களே பெயர் வைத்த கூரை அது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டத்தில் குத்தி நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதற்கும் மேலே தட்டோடு. அந்த ஜல்லித் தளத்தைத் தட்டுவதற்குப் பெண்கள் வரிசையாக உட்கார்வார்கள். கையில் மரக்கட்டை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தட்டுவார்கள். எப்போது நிறுத்துவது? ஓங்கித் தட்டும் கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்போது. கட்டை துள்ளினால் தளம் இறுகிவிட்டது.

எனக்கு இந்த விஷயத்தில் பழம்பெருமை பேசும் ஆசை இல்லை. அந்தக் கூரையை இன்றைய அடுக்குமாடியில் போட முடியாது. தேக்குக்கு எங்கே போவது? நான் கவனிக்கச் சொல்வது அந்தத் துள்ளலை. வேலை முடிந்ததா என்று சோதிக்கிற வழி வேலைக்குள்ளேயே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சித்தாளும் அதைச் செய்ய முடிந்தது. கீழே நிற்கும் வீட்டுக்காரரும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ள முடிந்தது.

இன்று ஒருவர் வந்து மாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார் என்று வையுங்கள். பாசியைச் சுரண்டிக் கழுவினாரா, விரிசலை அடைத்தாரா, தண்ணீர் ஓட வாட்டம் இருக்கிறதா என்று பார்த்தாரா, ஒரு வாளிப் பூச்சில் எத்தனை வாளித் தண்ணீர் கலந்தார்? மாலையில் நாம் ஏறிப் பார்த்தால் பளீரென்று வெள்ளையாக இருக்கும். ஒழுங்காக அடித்ததும் வெள்ளை, ஏமாற்றியதும் வெள்ளை. வித்தியாசம் இரண்டாவது ஐப்பசியில் உரிந்து வரும்போது தெரியும். அதற்குள் அவர் கைபேசி எண் மாறியிருக்கும்.

மின்சிக்கன வேலையின் தனிக் குணமே இதுதான். தச்சர் செய்த கதவு ஒட்டுகிறதா என்று இழுத்துப் பார்க்கலாம். கொத்தனார் எழுப்பிய சுவரில் தூக்குகுண்டு விட்டுப் பார்க்கலாம். கூரைக்கு அடியில் வைத்த வெப்பத்தடுப்புப் பலகையை, சுவருக்குள் போன குழாயை, கம்பிக்குள் இருக்கும் இணைப்பை மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத வேலையில் விலை ஒன்றுதான் தெரியும். விலை மட்டும் தெரிந்தால் குறைந்த விலைக்காரர் ஜெயிப்பார். மூன்று வருடத்தில் நல்ல வேலைக்காரர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை மட்டும் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2008-இன் பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க, 2009 பிப்ரவரியில் கெவின் ரட் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. வீட்டுக் கூரைக்குள் வெப்பத்தடுப்பு வைக்க ஒரு வீட்டுக்கு 1,600 டாலர் வரை அரசே கொடுக்கும். வேலையும் பெருகும், மின்சாரமும் மிஞ்சும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சிறிய தொழிலாக இருந்த கூரை வெப்பத்தடுப்பில் சில மாதங்களில் ஆயிரக்கணக்கான புது நிறுவனங்கள் முளைத்தன. கூரைக்குள் ஏறும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும் என்று முதலில் நினைத்த அரசு, அவசரத்தில் தளர்த்தி, மேற்பார்வையாளருக்கு இருந்தால் போதும் என்றது. மேற்பார்வையாளர் கூரைக்குள் வரவேண்டிய கட்டாயமும் இல்லை.

உலோகத் தாளை உத்தரத்தில் உலோக ஆணியால் அடிக்கும்போது சில வீடுகளில் ஆணி மின்கம்பிக்குள் இறங்கியது. தாள் முழுவதும் மின்சாரம். 2009 அக்டோபருக்கும் 2010 பிப்ரவரிக்கும் இடையில் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெப்பம் தாங்காமல். அவர்களில் ஒருவருக்கு வயது 16. இதே ஆணி, இதே தாள், 2007-இல் பக்கத்து நியூசிலாந்தில் மூன்று பேரைக் கொன்றிருந்தது. 2010 பிப்ரவரி 19 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்திருந்தது. 2014-இல் வந்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை, பயிற்சி விதியைத் தளர்த்திய அந்த முடிவைக் கடுமையாகவே சாடியது. வெப்பத்தடுப்பு வைத்த வீடுகளில் தீ விபத்துகளின் விகிதம் முன்பைவிடக் கூடியதா என்பதில் அங்கே இன்றும் விவாதம் உண்டு. நான்கு உயிர்களைப் பற்றி விவாதம் இல்லை.

பிரிட்டனில் நடந்தது வேறுவிதமான தோல்வி. 2020 செப்டம்பரில் பசுமை இல்ல மானியம் தொடங்கினார்கள். ஆறு லட்சம் வீடுகள் இலக்கு. ஆறே மாதத்தில், 2021 மார்ச்சில் மூடினார்கள். முடிவில் கணக்குப் பார்த்தால் ஐம்பதாயிரம் வீடுகள்கூட இல்லை. மானியச் சீட்டு இருந்தது, ஏற்க அங்கீகாரம் பெற்ற வேலைக்காரர் இல்லை. ஆறு மாதம் மட்டும் ஓடும் திட்டத்தை நம்பி எந்தச் சிறு ஒப்பந்தக்காரர் நாலு பையன்களை வேலைக்கு எடுத்துப் பழக்குவார்? பிறகு வேறு திட்டங்களில் வெளிச்சுவருக்கு வெப்பத்தடுப்பு வைத்த வீடுகளைப் பற்றி அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் அறிக்கை தந்தது. 98 சதவீதத்தில் திருத்தவேண்டிய குறை இருந்தது. சுவருக்குள் ஓதம், பூஞ்சை. துணை ஒப்பந்தம், அதற்கொரு துணை ஒப்பந்தம் என்று வேலை கைமாறி, தகுதியில்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

இதையெல்லாம் சொல்வது அந்த நாடுகளை ஏளனம் செய்ய அல்ல. அவர்கள் விசாரித்து, எண்ணி, வெளியிட்டார்கள். நம் மாடிகளில் எத்தனை சதவீதம் என்று எண்ணினால் என்ன வரும் என்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, நமக்கு இது ஏன் இப்போது? பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகளில் சூரியத் தகடு; மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், என் வீட்டிலும் போட்டிருக்கிறேன். ஆனால் மாடியில் ஏறிப் பாருங்கள். சட்டத்தை நிறுத்தத் தட்டோட்டையும் நீர்க்காப்பையும் துளைத்துத் தளத்தில் போல்ட் இறக்குகிறார்கள். அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். கான்கிரீட் கட்டை வைத்து அதன்மேல் நிறுத்தினால் துளையே வேண்டாம் என்பது கொத்தனாருக்குத் தெரியும். தகடு மாட்ட வந்தவர் கொத்தனாரைக் கேட்பதில்லை. தகடுகளை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைச் சரியான இடுக்கியால் நசுக்கவேண்டும். கையில் கிடைத்த கட்டிங் பிளேயரால் நசுக்கினால் உள்ளே பொறி பறக்கும், மாடியில் தீ பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பிளாஸ்டிக். மூடிய பின் தெரியாத வேலை, மறுபடியும்.

ஏசியில் ஆபத்து இன்னும் கிட்டே இருக்கிறது. பழைய ஆர்-22 தீப்பிடிக்காது. இப்போது வருகிற ஆர்-32 மெல்லத் தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், அடுப்பெரிவாயுவின் சொந்தக்காரன். குழாயில் இருக்கும் காற்றை வெற்றிடப் பம்பால் எடுக்காமல், கொஞ்சம் கேஸை விட்டே வெளியே தள்ளுகிற பழைய பழக்கம் இனி ஆகாது. குழாயைத் தொட்டு, 'வேர்த்திருச்சு, போதும்' என்று நிறுத்துகிற பழக்கமும் ஆகாது. உள்ளே ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரை அரிக்கும். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும். ஐந்து ஸ்டார் ஏசி இரண்டு ஸ்டார் போல மின்சாரம் தின்னும். இதை உணர்ந்துதான் 2019-இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது.

சான்றிதழ் தரட்டும். அதோடு தராசும் தரவேண்டும். என் மாணவர்களில் வெற்றிடப் பம்ப் ஏன் வேண்டும் என்று தெரியாதவர் கிடையாது. பம்பை ஸ்கூட்டரில் வைத்து மூன்று மாடி தூக்கிப் போனால் அதற்குக் காசு தருபவர்தான் கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்கச் சொல்லும் செயலி நிறுவனத்துக்கு முக்கால் மணி நேர வெற்றிடம் ஒரு நஷ்டம்.

வழி என்ன என்று கேட்பீர்கள். 1970-களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பை ஆராய்ந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். கணக்குப்படி இழக்கவேண்டியதைவிட வெப்பம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் சுவருக்குள் யாரும் அறியாத சந்துகள் வழியாகச் சூடான காற்று பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அங்கேதான் 'வீட்டு மருத்துவர்' என்ற பேச்சு பிறந்தது. மருந்துக்கு முன் பரிசோதனை. வாசல் கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்ளிருக்கும் காற்றை இழுத்தால் எந்த இடுக்கில் காற்று வருகிறது என்று புகை காட்டிக்கொடுக்கும். வேலைக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். 1976-இல் தொடங்கிய ஏழை வீடுகளுக்கான அமெரிக்க அரசுத் திட்டத்தில் இன்று அந்தச் சோதனை சாதாரணம். நம் மெட்ராஸ் டெரஸின் கட்டை துள்ளுவதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

நமக்கு அவ்வளவு பெரிய விசிறி தேவையில்லை. நம் வீடுகள் இடுக்கை அடைத்துக் குளிர்காயும் வீடுகள் அல்ல. பிற்பகல் நாலு மணிக்கு உட்கூரையின் வெப்பம் எத்தனை டிகிரி என்று பார்க்கும் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர், மின்னோட்டம் பார்க்கும் கிளாம்ப் மீட்டர், ஒரு தராசு. வேலைக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று பில்லிலேயே எழுதட்டும். மானியம் கொடுக்கும் அரசு அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துக் கொடுக்கட்டும். அன்றைக்கு என் மாணவரின் பாதி நாளுக்கு விலை வரும்.

யாரைப் பயிற்றுவிப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. 'பசுமைத் திறனாளர்' என்று புதுப் பெயர் வைத்து, கல்லூரி முடித்த பையனுக்குத் தொப்பி மாட்டி அனுப்புவது வீண். ஜெர்மனியில் புகைபோக்கி துடைக்கிறவர் எல்லா வீட்டுக்கும் முறை வைத்துப் போகிறவர். கொதிகலனை அளப்பதும் அவர் வேலை. அவர்களில் பலர் மேற்படிப்புப் படித்து வீட்டு எரிசக்தி ஆலோசகர்களாக ஆனார்கள். அங்கே வீட்டுக்குள் ஏற்கெனவே நுழைகிற கையைப் பிடித்தார்கள். நம் வீட்டுக்குள் நுழைகிறவர் எலக்ட்ரீஷியன், ஏசிக்காரர், கொத்தனார். இவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு என்றால் மூன்று நாள் கூலி போகும். கூலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரி என்று வசூலித்த பணம் இதற்கில்லாமல் வேறெதற்கு?

சித்தாள்களை மறந்துவிடாதீர்கள். காலம் முழுக்கக் கலவை போட்டவளுக்கு எத்தனை தண்ணீர் என்று கொத்தனாரைவிட நன்றாகத் தெரியும். அவள் கையில் கரண்டி போனதை நான் சில இடங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் தொழில் 4.0 மையங்களாக மாறியிருக்கின்றன. ரோபோ வந்திருக்கிறது, சி.என்.சி. வந்திருக்கிறது, மகிழ்ச்சி. அந்த வளாகங்களில் ஒரு மொட்டைமாடியையும் பாடசாலையாக ஆக்கித் தாருங்கள் என்று கேட்கிறேன். நாலு மூலையில் நாலு விதமான கூரை, கீழே நாலு அறை. சித்திரை வெயிலில் மாணவன் ஒவ்வொரு அறையாக நுழைந்து வெளியே வரட்டும். அந்த வெயிலில் மேலே நின்று வேலை செய்வது எப்படி, எத்தனை மணிக்கு இறங்குவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதும் பாடத்தில் இருக்கட்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-இல் அறிவித்த அரசு நம்முடையது. கூரையைக் குளிர்விக்க ஏறுகிறவர்தான் அதில் முதலில் நிற்பவர்.

கடைசியாக ஒன்று. இந்தச் சொற்பொழிவுக்கு எனக்கு ஒரு மதிப்பூதியம் தருகிறார்கள். அதை இங்கேயே திருப்பித் தந்துவிட்டேன். அறக்கட்டளையின் வட்டிப் பணத்தையும் கொஞ்சம் சேர்த்து இரண்டு வெற்றிடப் பம்ப், இரண்டு தராசு, ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நாங்கள் படித்த தொழிற்பயிற்சி நிலையப் பணிமனை ஸ்டோரில் வைக்க அறங்காவலர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய மாணவர்கள் யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். மறுநாள் மாலைக்குள் திரும்ப வரவேண்டும். எந்தத் தெரு, எத்தனை கிராம் என்று எழுத இரண்டு பத்தி தனியாகக் கோடு போட்டுவிட்டேன். தராசின் அடியில் இருக்கும் ரப்பர் காலைத் தொலைக்காதீர்கள். அது தனியாகக் கிடைப்பதில்லை.